மேட்டில் ஏற்றிக் காட்டு, பிறகு விலை சொல்

"பழைய மோட்டார் வாங்கி விக்கப் போறேன் மாமா" என்று சொல்லிக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று பையன்களாவது ரிங்லெட்டில் உள்ள என் பட்டறைக்கு வருகிறார்கள். இங்கே மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள், கொழுந்து பறித்தவர்களின் பேரன்கள். பெயிண்ட் பார்க்கத் தெரியும், டயர் பார்க்கத் தெரியும், எஞ்சின் சத்தத்தைக் காதில் வாங்கத் தெரியும். கிளட்ச் எப்படி என்று கேட்டால் மட்டும் "புடிக்குது மாமா" என்பார்கள்.

சமவெளியில் அந்தப் பதில் போதும். கேமரன் மலையில் போதாது. தாப்பாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால்தான் தானா ராத்தா. அங்கே உயரம் 1,400 மீட்டருக்கு மேல். 1929இல் ரஸ்ஸல் துரை 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து தேயிலை இங்கே சரிவில்தான் நிற்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒரு மேட்டில், தொழிற்சாலை ஒரு மேட்டில், கோவில் இன்னொரு மேட்டில். காலையில் வீட்டு வாசலில் மோட்டாரைக் கிளப்பும்போதே கிளட்ச்சுக்கு வேலை தொடங்கிவிடுகிறது. இந்த மலையில் மற்ற எதற்கும் முன்னால் தேய்வது அதுதான். விற்கும்போது யாரும் பேசாததும் அதுதான். நாற்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவன் என்ற உரிமையில் உனக்குச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. எந்தக் கிளட்ச் என்று முதலில் தெரிந்துகொள்

ஹோண்டா இஎக்ஸ்5, மோடேனாஸ் கிரிஸ் போன்ற கப்சாய் என்னும் சிறிய வண்டிகளில் கையில் கிளட்ச் பிடி இருக்காது. இருக்காது என்பதால் கிளட்ச்சே இல்லை என்று நினைத்துவிடாதே. உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கிறது. ஒன்று கிராங்க் தண்டின் முனையில் இருந்துகொண்டு, எஞ்சின் வேகம் கூடக் கூட விரிந்து தானாகப் பிடிப்பது. இன்னொன்று கியர் மிதிக்கும்போது விலகி, காலை எடுத்ததும் சேர்வது. முதலாவது தேய்ந்தால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சின் அலறிய பிறகே வண்டி நகரும். இரண்டாவது தேய்ந்தால், மேல் கியரில் சுமையோடு ஏறும்போது வழுக்கும். வாங்குபவர் "கிளட்ச் ஸ்லிப் ஆவுதா?" என்று கேட்டால், எந்தக் கிளட்ச் என்று நீ தெரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும்.

யமஹா ஒய்15 போன்றவற்றில் கைப்பிடி உண்டு. அதே யமஹாவின் எல்சி135இல் இரண்டு வகையும் ஓடுகின்றன. ஆகவே மாடலின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் வண்டியைப் பார்த்து முடிவு செய். எந்த வகையானாலும் தட்டுகள் எண்ணெயில் ஊறிக்கொண்டே சுழல்பவை. இதை மனத்தில் வை, பின்னால் தேவைப்படும்.

2. மீட்டரை நம்பாதே, வேலையைக் கேள்

ஈப்போவில் 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் கிளட்ச் நன்றாக இருக்கலாம். இங்கே 15,000 ஓடியதன் கிளட்ச் முடிந்திருக்கலாம். கிளட்ச் தேய்வது ஓடும்போது அல்ல, பாதி பிடித்துப் பாதி விட்ட நிலையில்தான். லயத்து மேட்டில் கிளம்ப ஒரு பாதிக் கிளட்ச், கொண்டை ஊசி வளைவில் ஒரு பாதிக் கிளட்ச், காய்கறி லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போக இன்னும் பத்து.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. 1,500 மீட்டரில் காற்று, கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. எஞ்சினுக்கு அவ்வளவு மூச்சு குறைகிறது, இழுவையும் குறைகிறது. ஓட்டுபவர் அதை முறுக்கியும் கிளட்ச்சை நசுக்கியும் ஈடுகட்டுகிறார். ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டி பெட்ரோல் கலவையைச் சரிசெய்துகொள்ளுமே தவிர, இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது.

அதனால் வண்டியை வாங்கும்போதே மூன்று கேள்வி கேள். யார் ஓட்டியது? எந்தப் பாதையில்? பின்னால் என்ன ஏற்றியது? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட வண்டியும், கம்போங் ராஜா பக்கம் உர மூட்டை சுமந்த வண்டியும் ஒன்றல்ல. முன் ஸ்புரோக்கெட்டையும் எட்டிப் பார். ஒரு பல் குறைத்துப் போட்டிருந்தால், அந்த மனிதர் மேட்டை அறிந்தவர். கிளட்ச்சுக்கும் பாரம் குறைந்திருக்கும்.

3. குளிர்ந்த மோட்டாரில் சோதனை வேண்டாம்

இந்த மலைக்கே உரிய ஏமாற்று இது. காலை ஏழு மணிக்கு மூடுபனி இறங்கிக் கிடக்கும்போது எண்ணெய் கெட்டியாக இருக்கும், உள்ளே எதுவும் சூடாகியிருக்காது. அப்போது தேய்ந்த கிளட்ச்சும் ஒழுங்குப் பிள்ளையாக நடந்துகொள்ளும். இருபது நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகுதான் வழுக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குளிர்ந்த எண்ணெயில் தட்டுகள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொள்ளும். முதல் கியர் போட்டதும் வண்டி டக்கென்று முன்னால் துள்ளும். இது நோயில்லை, சூடானதும் போய்விட்டால் விட்டுவிடு. இதைப் பார்த்துப் பயந்து நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். இருபது நிமிடம் ஓட்டு. பிறகு தீர்ப்புச் சொல்.

4. குற்றம் சொல்லுமுன் கேபிளைச் சரிசெய்

கைப்பிடி உள்ள வண்டியில், பிடியின் நுனியில் சிறிது வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர். உன் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிக் கிடந்தால், பிடியை விட்ட பிறகும் கிளட்ச் முழுதாகச் சேராது. நல்ல தட்டும் வழுக்கும். ஆட்டம் அதிகமானால் கிளட்ச் முழுதாக விலகாது, கியர் இடறும். ஒரு நட்டைத் திருப்பினால் தீர்கிற விஷயத்துக்குக் கவரைத் திறந்து, கேஸ்கெட்டைக் கிழித்து, வெட்டிச் செலவு செய்யாதே.

கப்சாயில் எஞ்சினின் வலது கவரில் ஒரு நட்டும், அதன் நடுவே ஒரு திருகும் இருக்கும். ஹோண்டா கப் குடும்ப வண்டிகளுக்கு முறை இது: நட்டைத் தளர்த்து. திருகைக் கடிகாரம் சுற்றும் பக்கமாக ஒரு சுற்றுத் திருப்பு. பிறகு எதிர்ப்பக்கமாக, கையில் தடை தட்டும்வரை திருப்பு. அங்கிருந்து மறுபடி கடிகாரப் பக்கம் எட்டில் ஒரு பங்கு. திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கு. இதைச் செய்த பிறகும் வழுக்கினால்தான் தேய்மானத்தைப் பற்றிப் பேச்சு.

5. மேட்டில் கேள்

சூடான வண்டி, சரியான கேபிள். இப்போது சமமான தெருவில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் முறுக்கை முழுதாகத் திற. எஞ்சின் சத்தமும் வண்டியின் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். சத்தம் முன்னால் ஓடி, வேகம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தால் வழுக்கல்.

சமத்தில் தேறியதை மேட்டில் சோதி. பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொள். சுங்கை பாலாஸ் பக்கம் ஏறுகிற சாலை போல ஒரு மேடு போதும். ஆனால் சுற்றுலா வண்டிகள் நெரியும் வாரக் கடைசியில் போகாதே. மேட்டின் நடுவில் ஒரு கியர் உயரத்தில் வைத்து முறுக்கு. நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறும், முக்கும், வேகம் குறையும். கெட்ட கிளட்ச் என்றால் எஞ்சின் திணறாது. பாரமே இல்லாதது போல் உற்சாகமாகக் கூவும். புதிதாக வருபவன் அந்தக் கூவலை எஞ்சினின் பலம் என்று நினைத்துவிடுகிறான். எஞ்சின் திணறுகிறது என்றால் அதன் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று பொருள். திணறலை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்.

இன்னொரு சோதனையும் சிலர் செய்வார்கள்: நின்ற இடத்தில் பிரேக்கை அழுத்தி, இரண்டாவது கியர் போட்டு, பிடியை மெல்ல விடுவது. எஞ்சின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. கைப்பிடி வண்டியில் மட்டும் செய். ஒருமுறை செய்தால் போதும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் செய்து காட்டினால், விற்பதற்குள் நீயே கிளட்ச்சை எரித்துவிடுவாய்.

6. எண்ணெயின் வரலாற்றைக் கேள்

தட்டுகள் எண்ணெயில் ஊறுகின்றன என்றேன். அந்த எண்ணெய் எது என்பதில்தான் பாதி வழக்கு. மோட்டார் சைக்கிளுக்கான எண்ணெய்ப் போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று குறித்திருக்கும். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு. அங்கே கிளட்ச் எண்ணெயில் நனைவதில்லை. காருக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெய்கள் பலவற்றில் உரசலைக் குறைக்கும் மருந்து சேர்ந்திருக்கும். காருக்கு அது பெட்ரோலை மிச்சப்படுத்தும். நம் கிளட்ச்சோ உரசலை வைத்துத்தான் பிழைக்கிறது.

கார் ஓட்டும் அண்ணன் மிச்சம் கொடுத்தார் என்று அதை ஊற்றிவிட்டு, "திடீர்னு கிளட்ச் போச்சு" என்று வருவார்கள். ஆகவே வழுக்கும் வண்டி வந்தால், கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது, எதை ஊற்றினீர்கள் என்று கேள். எண்ணெய் மாற்றிய பின் தொடங்கிய வழுக்கல் என்றால், சரியான எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு தட்டைப் பற்றி யோசி. பழைய எண்ணெயை இறக்கும்போது இரண்டு விரலில் தேய்த்து முகர்ந்து பார். கருகிய வாடை வந்தால் தட்டு எரிந்திருக்கிறது. அந்த வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் பிறகு மறக்காது.

7. வழுக்கல் வேறு, ஒட்டல் வேறு, உதறல் வேறு

மூன்றையும் சேர்த்து "கிளட்ச் சரியில்ல" என்று சொல்பவன் கைகாரன் இல்லை.

சூடான பிறகும் பிடியை முழுதாக இழுத்தும் வண்டி ஊர்ந்தால், நியூட்ரல் கிடைக்காமல் கால் தேடினால், அது ஒட்டல். இரும்புத் தட்டு வளைந்திருக்கலாம்; தட்டுகளைத் தாங்கும் கூடையின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கலாம். கிளம்பும்போது வண்டி கிடுகிடுவென்று உதறினால், தட்டின் முகம் கண்ணாடி போல் மினுங்கிப் போயிருக்கலாம். ஆனால் உதறலுக்குக் கிளட்ச்சைக் குற்றவாளி ஆக்கும் முன் செயினைத் தூக்கிப் பார், பின்சக்கரத்துக்குள் இருக்கும் டாம்பர் ரப்பரை ஆட்டிப் பார். தளர்ந்த செயின் செய்த குற்றத்துக்குக் கிளட்ச் தண்டனை வாங்குவது அடிக்கடி நடக்கிறது. கப்சாய் நின்ற இடத்தில் ஊர்ந்தால் முதலில் ஐட்லிங்கைக் குறைத்துப் பார். எஞ்சின் வேகமாகச் சுழன்றால் தானாகப் பிடிக்கும் கிளட்ச் பிடிக்கத்தான் செய்யும்.

8. திறந்தால் கண்ணை நம்பாதே, அள

சோதனையில் தோற்ற வண்டியைத் திறந்தே ஆக வேண்டும். எண்ணெயை இறக்கி, வலது கவரைக் கழற்றி, ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. தட்டுகளை எடுத்த வரிசையிலேயே பழைய செய்தித்தாளில் பரப்பு. ஒரு உராய்வுத் தட்டு, ஒரு இரும்புத் தட்டு என்று மாறி மாறி வரும்.

உராய்வுத் தட்டைத் துடைத்துவிட்டு வெர்னியரில் நாலு இடத்தில் அள. சிறிய வண்டிகளில் புதிய தட்டு 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். புதியதற்கும் தூக்கி எறிய வேண்டியதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட வராது. அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்பவன் பொய் சொல்கிறான். இரும்புத் தட்டைக் கண்ணாடித் துண்டின்மேல் வை. ஓரத்தில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று சுற்றிவரப் பார். நுழைகிற அளவு கையேட்டு வரம்பைத் தாண்டினால் வளைந்துவிட்டது. மயில் கழுத்து நீலம் படிந்திருந்தால் சூட்டில் வெந்தது. ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார், குட்டையானது களைத்துப்போனது. கடைசியில் கூடையின் விரல்களில் உன் நகத்தை ஓட்டு. நகம் பள்ளத்தில் தட்டி நின்றால், புதிய தட்டு போட்டாலும் அந்தப் பள்ளத்தில் சிக்கிச் சிக்கித்தான் நகரும்.

பழைய கப்சாயில் முதல் கிளட்ச்சின் முகப்பில் ஒரு மூடி உண்டு. எண்ணெயில் உள்ள அழுக்கைச் சுழற்றி ஒதுக்கிச் சேர்த்து வைக்கும் இடம் அது. திறந்து பார். உள்ளே ஓரத்தில் மெல்லியதாகக் கறுப்பு என்றால் முன்னவர் ஒழுங்காக எண்ணெய் மாற்றியவர். விரலால் தோண்டி எடுக்கும்படி கரிச்சேறு கிடந்தால், "மாசாமாசம் மாத்துவேன்" என்று அவர் சொன்னதை மறந்துவிடு.

9. மாற்றினால் முழுதாக மாற்று

நாலு தட்டில் இரண்டை மட்டும் மாற்றுவது, பழைய தட்டை மணல்தாளில் தேய்த்து முகம் பளிச்சென்று ஆக்கிப் போடுவது, இரண்டும் வேண்டாம். உராய்வுத் தட்டு மாற்றினால் ஸ்பிரிங்கையும் மாற்று, விலை பெரிதில்லை. புதிய தட்டைப் போடுமுன் எண்ணெயில் ஊறவை. உலர்ந்த தட்டு முதல் ஓட்டத்திலேயே கருகும். செலவு கட்டுப்படியாகாது என்று தோன்றினால் தொடாதே. குறையைச் சொல்லி விலையைக் குறை. அரைகுறை வேலைதான் எல்லாவற்றையும்விட மோசம். வாங்குபவர் "புது கிளட்ச்" என்று நம்பிக் காசு கொடுக்கிறார்.

10. திருட்டு வித்தைகளைத் தெரிந்து வை, செய்யாதே

கெட்டி எண்ணெய் ஊற்றிச் சில நாள் சமாளிப்பது ஒன்று. ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்கம் கூட்டுவது ஒன்று. அப்படிப்பட்ட வண்டியில் கைப்பிடி கல்லாக இருக்கும். விரல் வலித்தால் சந்தேகப்படு. கேபிளை வேண்டுமென்றே தளர்த்தி வைப்பது இன்னொன்று. விடியற்காலையில் வரச்சொல்லிக் குளிரிலேயே காட்டி அனுப்புவதுதான் நம் மலையின் சொந்தக் கண்டுபிடிப்பு. நீ வாங்கப்போகும் இடத்தில் எஞ்சின் கவரைக் கையால் தொட்டுப் பார். பத்து மணிக்கு வரச்சொன்னவர் வண்டி சில்லென்று இருந்தால், இருபது நிமிடம் நீயே ஓட்டிச் சூடாக்கிவிட்டுப் பேச்சைத் தொடங்கு.

11. குறையை நீயே முதலில் சொல்

வாங்குபவர் கண்டுபிடித்துச் சொல்லும் குறைக்கு இரண்டு மடங்கு விலை குறையும். நீயே சொல்லும் குறைக்கு அதன் அளவுதான் குறையும். தட்டு, ஸ்பிரிங், கேஸ்கெட், எண்ணெய், கூலி. ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுது, கூட்டு, அவரிடம் காட்டு. "இவ்வளவு வெள்ளி கழிச்சுக்குங்க, இல்ல நான் மாத்திக் குடுக்குறேன், எது வேணும்?" என்று கேள். மாற்றிய பழைய தட்டைத் தூக்கி எறியாமல் வண்டியோடு கொடு. வாய்ப்பேச்சைவிட அந்தக் கரிந்த தட்டு நன்றாகப் பேசும்.

காகித வேலை உனக்குத் தெரிந்ததுதான். வண்டிப் பதிவுச் சான்றான கிராண்டில் பேங்க் கடன் பாக்கி இருக்கிறதா என்று பார். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பேர் மாற்றி முடியும்வரை வண்டி உன்னுடையதே. சம்மனும் உனக்கே வரும்.

12. சாவியோடு இரண்டு வார்த்தையும் கொடு

கீழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர் வாங்கினால் இதைச் சொல்லி அனுப்பு. மேட்டில் நிற்கும்போது பாதிக் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கில் நிறுத்துங்கள். இறக்கத்தில் பிடியை இழுத்துக்கொண்டு உருள விடாதீர்கள், கியரில் இறங்குங்கள். தாப்பா வரைக்கும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பாதி வழியில் அது காய்ந்து பிடிக்காமல் போகும். கிளட்ச்சைக் காப்பாற்றும் பழக்கமும் ஆளைக் காப்பாற்றும் பழக்கமும் இங்கே ஒன்றாகத்தான் இருக்கின்றன.

13. ஊர் சின்னது

கடைசியாக என் கதை. பட்டறை தொடங்கிய புதிதில் எனக்குக் காசு முடை. என் சொந்த மோட்டாரை அதே தோட்டத்து ஆள் ஒருவருக்கு விற்றேன். மேலே பத்தாவதில் சொன்ன வித்தைகளில் இரண்டைச் செய்திருந்தேன். கெட்டி எண்ணெய், விடியற்காலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால், இருட்டு பிரியாத நேரத்தில் அவர் வந்து, லயத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே காசு கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, காய்ச்சல்காரப் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு அவரும் மனைவியும் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். ஹாபுவைத் தாண்டிய மேட்டில் எஞ்சின் கூவியிருக்கிறது, வண்டி நின்றுவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, லிப்ட் கிடைக்கும்வரை தூறலில் நடந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "தட்டு மாத்தணும் போல, எவ்வளவு ஆவும்?" என்று மட்டும் கேட்டார். காசு வேண்டாம் என்றேன். வேலை முடியும்வரை வாசலில் நின்றார். முடிந்ததும் நோட்டுகளை எண்ணி, என் ஸ்பேனர் பெட்டியின் மேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு பழைய போல்ட்டை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார்.

இன்றும் கோவில் திருவிழாவில் பார்த்துக்கொள்கிறோம். அவர் என்னைவிட மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம், மழையைப் பற்றிப் பேசுவோம். அவர் வீட்டில் இப்போது மூன்று மோட்டார் நிற்கிறது. ஒன்றும் என் பட்டறைக்கு வந்ததில்லை.